ஐந்து லாரிகளும் ஒரு மூலைக் கடையும்

மாதப் பிறப்பில் மளிகைச் சிட்டை எழுதும் வழக்கம் நம் குடும்பங்களிலிருந்து இன்னும் முற்றாக மறைந்துவிடவில்லை. அரிசி இவ்வளவு, பருப்பு இவ்வளவு, எண்ணெய் இவ்வளவு என்று வீட்டுப் பெரியவள் சொல்ல, பிள்ளைகளில் ஒருவர் எழுத, அச்சிட்டை கடைக்குப் போகும். கடைக்காரர் ஒவ்வொரு வரிக்கும் நேரே ஒரு தொகையைப் போடுவார். அத்தொகையில் சரக்கின் அடக்கவிலை எவ்வளவு, வண்டிக் கூலி எவ்வளவு, தரகு எவ்வளவு, கிட்டங்கி வாடகை எவ்வளவு, பற்று வைத்துவிட்டு ஊரை விட்டுப் போனவனின் கடனுக்காக நம் தலையில் ஏற்றியது எவ்வளவு என்பது நமக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டும் என்று தோன்றுவதும் அரிது.

அந்தத் தொகையைப் பிரித்துப் பார்த்து, அதில் எதை எதை நீக்கலாம் என்று கணக்கிட்ட சிலரின் வரலாற்றையே இங்கே எழுத விரும்புகிறேன். ஐரோப்பாவில் வாழும் தமிழ்க் குடும்பங்களைக் கேட்டால் மிக்ரோ, ஆல்டி, லீடில் என்ற பெயர்களைத் தயங்காமல் சொல்வார்கள். 1983க்குப் பின் இலங்கையிலிருந்து சென்று சுவிட்சர்லாந்தில் குடியேறியவர்களின் முதற்கால வாழ்க்கையில் இப்பெயர்களுக்குத் தனி இடம் உண்டு. கையில் பணம் குறைவாக இருப்பவனுக்கு ஒரு நாட்டில் முதலில் அறிமுகமாவது அந்நாட்டின் மலிவுக் கடைதான். ஆனால் அந்த மலிவு எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்கு விடை தேடினால் ஏறத்தாழ நூறாண்டுகள் பின்னோக்கிச் செல்ல வேண்டியிருக்கிறது.

1925ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 25ஆம் நாள், சூரிச் நகரத் தெருக்களில் ஐந்து லாரிகள் புறப்பட்டன. ஃபோர்டு நிறுவனத்தின் ‘டி’ வகை வண்டிகள் அவை. பக்கவாட்டில் திறந்தால் பலகை கடையாக விரியும். வண்டியில் இருந்த சரக்குகள் ஆறே ஆறு: காபி, அரிசி, சர்க்கரை, மாவுப் பண்டமான மக்ரோனி வகை, தேங்காய்க் கொழுப்பு, சோப்பு. தேங்காய் விளையாத நாட்டில் தேங்காய்க் கொழுப்பு அன்றாடச் சரக்காக இருந்ததைக் கவனிக்க வேண்டும். எந்தத் தெருமுனையில் எத்தனை மணிக்கு வண்டி நிற்கும் என்பதை அச்சிட்டு வீடுதோறும் கொடுத்திருந்தார்கள். நிறுத்தங்கள் 178. சில நிமிடங்கள் நிற்கும், பெண்கள் கூடுவார்கள், பொட்டலங்கள் கைமாறும், வண்டி அடுத்த முனைக்கு நகர்ந்துவிடும். ஊர்க் கடைகளின் விலையைக் காட்டிலும் நாற்பது விழுக்காடு வரை இங்கே குறைவாக இருந்தது.

இந்த ஏற்பாட்டைச் செய்தவர் காட்லீப் டுட்வைலர். 1888இல் சூரிச்சில் பிறந்தவர். அவருடைய தந்தை அந்நகரத்து உணவுப் பொருள் கூட்டுறவுச் சங்கத்தில் நிர்வாகியாக இருந்தவர். மகனோ மொத்த வியாபாரத்தில் இறங்கிப் பெரும் செல்வம் ஈட்டி, முதல் உலகப் போருக்குப் பிந்திய விலைச் சரிவில் அதை இழந்தார். பிறகு பிரேசில் நாட்டுக்குப் போய் நிலம் வாங்கிப் பயிர்த்தொழில் செய்து பார்த்தார். அதிலும் கால் ஊன்ற முடியவில்லை. ஆனால் அங்கே அவருக்கு ஓர் உண்மை கிடைத்தது. காபிக் கொட்டையை விளைவிக்கிறவனுக்குக் கிடைக்கும் விலைக்கும், அதே காபிக்குச் சூரிச் நகரத்துக் குடும்பப் பெண் கொடுக்கும் விலைக்கும் இடையே ஒரு கடலே கிடந்தது. கப்பற்கூலி அந்த வேறுபாட்டில் சிறு பங்கைத்தான் விளக்கியது. மீதி எங்கே போயிற்று?

கப்பலோட்டி வாணிகம் செய்த மரக்காயர்களின் வழியில் வந்தவர்களுக்கு இக்கேள்வி புதியதன்று. விளையுமிடத்து விலையும் விற்குமிடத்து விலையும் அறிந்தவனே வியாபாரி. வழக்கமான வியாபாரி அந்த இடைவெளியைத் தன் இலாபமாக்கிக்கொள்வான். டுட்வைலர் அதில் பெரும்பகுதியை வாங்குகிறவர் கையிலேயே விட்டுவிட்டு, மிச்சத்தைக் கொண்டு வாழலாம் என்று கணக்கிட்டார். தம் நிறுவனத்துக்கு அவர் வைத்த ‘மிக்ரோஸ்’ என்ற பெயருக்கு, மொத்த விலைக்கும் சில்லறை விலைக்கும் நடுவே நிற்பது என்று பொருள் சொல்வார்கள். எழுத்தில் உள்ள கடைசி எழுத்தை அந்நாட்டார் பேச்சில் ஒலிப்பதில்லை, மிக்ரோ என்பார்கள்.

கணக்கு எளியது. கடை இல்லை, ஆகவே வாடகை இல்லை. கண்ணாடி அலமாரி இல்லை, அலங்கார விளக்கு இல்லை. ரொக்கத்துக்கே விற்பனை, எனவே வாராக்கடன் இல்லை. ஆறு சரக்குகளே என்பதால் ஒவ்வொன்றையும் பெருமளவில் கொள்முதல் செய்யலாம். காலையில் ஏற்றிய சரக்கு மாலைக்குள் தீர்ந்துவிடும். நூறு ரூபாய் முதலை ஆண்டுக்கு நான்கு முறை புரட்டி ஒவ்வொரு முறையும் இருபது ரூபாய் இலாபம் வைப்பவனும், அதே முதலை நாற்பது முறை புரட்டி இரண்டிரண்டு ரூபாய் வைப்பவனும் ஆண்டு முடிவில் ஒரே இலாபத்தைக் காண்பார்கள். ஆனால் இரண்டாமவனிடம் வாங்கியவர்கள் ஒவ்வொரு முறையும் பதினெட்டு ரூபாய் மிச்சப்படுத்தியிருப்பார்கள்.

பொட்டலங்களைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். தெருமுனையில் சில நிமிடமே நிற்கும் வண்டியில் சில்லறை எண்ணிக்கொண்டிருக்க நேரம் கிடையாது. ஆகவே டுட்வைலர் விலையை முழுத் தொகையாக வைத்துவிட்டு நிறையை மாற்றினார். அதாவது, அரைக் கிலோ இவ்வளவு காசு என்பதற்கு மாறாக, ஒரு பிராங்குக்கு இத்தனை கிராம் என்று பொட்டலம் கட்டினார். சந்தையில் விலை இறங்கினால் பொட்டலம் கனக்கும், ஏறினால் இளைக்கும். நிறையை மறைக்காமல் விளம்பரத் தாளில் அச்சிட்டார். இன்று பெரிய நிறுவனங்கள் பிஸ்கட்டுப் பொட்டலத்தின் விலையை அப்படியே வைத்துக்கொண்டு, உள்ளே இருப்பதைச் சத்தமில்லாமல் குறைப்பதை நாம் பார்க்கிறோம். செயல்முறை ஒன்றே, எண்ணந்தான் தலைகீழ். அளவையில் குறைப்போரைக் கண்டிக்கத் தனி அத்தியாயமே அருளப்பெற்ற மார்க்கத்தைச் சேர்ந்த நமக்கு இந்த வேறுபாட்டை விளக்க வேண்டியதில்லை.

அவர் வெளியிட்ட முதல் துண்டறிக்கை பெண்களை நோக்கியே எழுதப்பட்டது. கணக்குப் பார்த்தே தீர வேண்டிய நிலையில் உள்ள இல்லத்தரசிக்கும், கணக்குப் பார்க்கத் தெரிந்த அறிவுள்ள பெண்ணுக்கும் என்று அது விளித்தது. சுவிட்சர்லாந்தில் பெண்களுக்குக் கூட்டாட்சித் தேர்தலில் வாக்குரிமை கிடைத்தது 1971இல்தான் என்பதை நினைவிற் கொண்டால் அந்த விளிப்பின் பொருள் புரியும். வாக்குச் சீட்டு இல்லாதவர்கள் கையில் மளிகைச் சிட்டை இருந்தது. 1925லேயே அவர்கள் அதைக்கொண்டு ஒரு தேர்தலை நடத்திக் காட்டினார்கள்.

எதிர்ப்புக்குக் குறைவில்லை. பெயர்பெற்ற உற்பத்தியாளர்கள் அவருக்குச் சரக்குக் கொடுக்க மறுத்தார்கள். சில மாநில ஆட்சிகள் விற்பனை வண்டிகள் மீது கடும் வரி விதித்தன. சரக்குக் கிடைக்காதபோது அவர் தாமே தயாரிக்கத் தொடங்கினார். 1928இல் மைலன் என்ற ஊரில் இருந்த ஒரு பழச்சாற்று ஆலையை வாங்கினார். இதைத் தொடர்ந்து நடந்ததில் குறும்பும் கலந்திருந்தது. புகழ்பெற்ற ‘ஓவோமால்ட்டின்’ பானத்துக்குப் போட்டியாக ‘ஐமால்சின்’ வந்தது. ‘காபி ஹாக்’ என்ற சரக்குக்கு எதிரே ‘காபி சாவ்ன்’ என்று ஒன்றை வைத்தார். ஹாக் என்ற சொல்லுக்கு அவர்கள் மொழியில் வேலி என்று பொருள். சாவ்ன் என்றாலும் வேலிதான். ஹெங்கல் நிறுவனத்தின் சலவைத்தூளுக்கு எதிராக வந்த தூளின் பெயர் ‘ஓஹே’. ஹெங்கல் இல்லாமல் என்பதன் முதலெழுத்துகள் அவை. வழக்குகள் வந்தன. வழக்குச் செய்தி நாளிதழ்களில் வந்தது. நாளிதழ்ச் செய்தி விளம்பரமாயிற்று.

1933இல் சுவிஸ் கூட்டாட்சி அரசு, பெரிய அங்காடிகளும் கிளை நிறுவனங்களும் புதிய கடைகளைத் திறக்கவோ உள்ளவற்றை விரிக்கவோ கூடாது என்று தடை விதித்தது. அத்தடை 1945 முடியும்வரை நீடித்தது. டுட்வைலரின் வரலாற்றை எழுதுவோர் இவ்விடத்தில் சிறு கடைக்காரர்களைப் பொறாமைக்காரர்களாகச் சித்திரித்துவிடுவது வழக்கம். அது நியாயமாக எனக்குப் படவில்லை. உலகப் பொருளாதார மந்தத்தின் கொடுமையான ஆண்டு அது. மூலைக் கடை ஒன்றை நம்பித் தாய், தகப்பன், பிள்ளைகள் அத்தனை பேரும் வாழ்ந்த காலம். அவர்கள் விலையைக் கூட்டி விற்றது மாளிகை கட்டுவதற்காகவன்று. சிறிய அளவில் வாங்கி, மெதுவாக விற்று, தெருவாருக்குக் கடன் கொடுத்து வாழும் ஒரு முறைக்கு அந்த விலை தேவைப்பட்டது. வேலையிழந்த தொழிலாளி வீட்டில் அடுப்பெரிய அந்தக் கடனும் காரணமாயிருந்தது. ரொக்கத்துக்கு மட்டுமே விற்கும் லாரி, ரொக்கம் இல்லாதவன் வாசலில் நின்று என்ன பயன்? ஏழையிலும் ஏழைக்கு மலிவுக் கடையை விடக் கடன் கொடுக்கும் கடையே தேவையாக இருந்திருக்கும். இந்தப் பக்கத்தையும் நாம் கணக்கில் எழுத வேண்டும்.

தடை டுட்வைலரை அரசியலுக்குத் தள்ளியது. 1935 தேர்தலில் அவருடைய அணி ஏழு இடங்களைப் பெற்று நாடாளுமன்றம் புகுந்தது. அவருக்கு அங்கே பொறுமை போதவில்லை. நெருக்கடிக் காலத்துக்கு நாடு உணவைச் சேமித்து வைக்க வேண்டும் என்று அவர் கொண்டுவந்த தீர்மானம் கிடப்பில் கிடந்தபோது, 1948இல் நாடாளுமன்றக் கட்டடத்தின் சன்னலைக் கல்லெறிந்து உடைத்தார். அறுபது வயதில் செய்த வேலை இது.

இதைவிட வியப்பான செயலை அவர் 1941இல் செய்திருந்தார். செழித்து வளர்ந்த தம் நிறுவனத்தைக் கூட்டுறவுச் சங்கமாக மாற்றி, பதிவு செய்துகொண்ட வாடிக்கையாளர்களுக்கு ஆளுக்கு 30 பிராங்கு மதிப்புள்ள பங்கை இலவசமாகக் கொடுத்துவிட்டார். பிள்ளைகள் இல்லாதவர் அவர். அதனால் கொடுத்தார் என்று சொல்வது எளிது. பிள்ளை இல்லாத செல்வர்கள் எல்லாரும் அப்படிச் செய்துவிடுவதில்லை. இங்கிலாந்தின் ராக்டேல் நகரத்து நெசவாளர்கள் 1844இல் சிறு கடை ஒன்றைத் தொடங்கிக் காட்டிய வழியை, நம் சென்னையில் 1904இலேயே திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவுச் சங்கம் பின்பற்றிற்று. அங்கெல்லாம் வாங்குவோர் ஒன்றுகூடிக் கடையைக் கட்டினார்கள். இங்கே கடைக்காரர் தாம் கட்டிய கடையை வாங்குவோரிடம் ஒப்படைத்தார். உலக வணிக வரலாற்றில் இப்படி நடந்தது மிக அரிது.

மற்றொரு செய்தி நம் வாசகர்களுக்குச் சிறப்பாக உவப்பளிக்கும். மிக்ரோ கடைகளில் மதுவும் புகையிலையும் விற்பதில்லை என்பது டுட்வைலர் வகுத்த விதி. அவர் முஸ்லிம் அல்லர். மார்க்கக் கட்டளை எதுவும் அவரைக் கட்டுப்படுத்தவில்லை. கூலியை வாங்கியவன் குடித்துவிட்டு வெறுங்கையோடு வீடு திரும்பினால், ஆறு சரக்குகளின் விலையைக் குறைத்து என்ன பயன் என்பதே அவருடைய கணக்கு. மைலன் ஆலையில் ஆப்பிள் பழச்சாற்றை நொதிக்கவிடாமல் பதப்படுத்தி மலிவு விலைக்கு விற்றது இந்த எண்ணத்தின் தொடர்ச்சியே.

இவருடைய பெயர் முஸ்லிம் உலகிலும் ஒலித்தது. 1950களில் துருக்கியில் பண்டத் தட்டுப்பாடும் பதுக்கலும் மிகுந்திருந்தன. இஸ்தான்பூல் நகராட்சியின் அழைப்பின் பேரில் 1954இல் மிக்ரோஸ் துர்க் தொடங்கப்பட்டது. சூரிச்சில் ஓடியவை போன்ற விற்பனை வண்டிகள் அந்நகரத்துத் தெருக்களில் ஓடின. உஸ்மானியர் ஆட்சியில் அதே நகரத்தில் காஜியும் முஹ்தஸிபும் சேர்ந்து ரொட்டிக்கும் இறைச்சிக்கும் உச்ச விலை குறித்தார்கள். ‘நர்ஹ்’ என்று அதற்குப் பெயர். ஆட்சி விலையை நிர்ணயிக்கலாமா, கூடாதா என்று நம் சட்ட மேதைகள் பல நூற்றாண்டுகள் விவாதித்திருக்கிறார்கள். அதிகாரத்தால் விலையைக் கட்டிய அத்தெருக்களிலேயே, போட்டியால் விலையைக் கட்டும் வண்டிகள் வந்து நின்றன. 1975இல் அந்நிறுவனத்தின் பெரும்பங்கு கோச் குழுமத்தின் கைக்கு மாறியது. சுவிஸ் தொடர்பு அறுந்தாலும் பெயர் மட்டும் நிலைத்தது.

டுட்வைலர் 1962இல் காலமானார். அதே ஆண்டில், ஜெர்மனியில், வேறொரு பெயர் பிறந்தது.

ரூர் நிலக்கரிப் பகுதியில் உள்ள எஸன் நகரத்தின் புறத்தே ஷோனபெக் என்ற சுரங்கத் தொழிலாளர் குடியிருப்பில் அன்னா ஆல்பிரெஷ்ட் என்னும் அம்மையார் 1913இல் ஒரு மூலைக் கடையைத் தொடங்கினார். அவருடைய பிள்ளைகள் இருவர்: 1920இல் பிறந்த கார்ல், 1922இல் பிறந்த தேயோ. இரண்டாம் உலகப் போரிலிருந்து திரும்பிய சகோதரர்கள் தாயின் கடையை ஏற்று நடத்தத் தொடங்கியபோது நகரம் இடிபாடாகக் கிடந்தது. முதல் இல்லாததால் சில சரக்குகளையே வாங்கி வைத்தார்கள். வசதி வந்தபின் வகைகளைப் பெருக்குவது என்பதே எண்ணம். ஆனால் வகை குறைவாக இருப்பதாலேயே செலவு குறைகிறது, செலவு குறைவதால் விலை குறைகிறது, விலை குறைவதால் கூட்டம் பெருகுகிறது என்பதைக் கண்டுகொண்டார்கள். வறுமை கற்றுக்கொடுத்த முறையை வளம் வந்தபின்னும் கைவிடாமல் இருந்ததுதான் அவர்களுடைய மதிநுட்பம்.

அக்காலத்து ஜெர்மன் கடைகளில் தள்ளுபடி முத்திரை என்று ஒன்று வழங்கியது. வாங்கிய தொகைக்கேற்பச் சிறு ஒட்டுத் தாள்களைக் கொடுப்பார்கள். பெண்கள் அவற்றை ஏட்டில் ஒட்டி, ஏடு நிறைந்ததும் கொண்டுவந்து கொடுத்துப் பணம் பெறுவார்கள். 1933ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இத்தள்ளுபடிக்கு மூன்று விழுக்காடு என்று உச்சவரம்பு வைத்திருந்தது. 2001இல்தான் அச்சட்டம் நீங்கியது. ஆல்பிரெஷ்ட் சகோதரர்கள் முத்திரையும் வேண்டாம், ஏடும் வேண்டாம் என்று அந்த மூன்று விழுக்காட்டை விலையிலேயே குறைத்துவிட்டார்கள். முத்திரை ஒட்டிக் காத்திருக்கும் பெண்ணின் பணம் அதுவரை கடைக்காரரிடம் வட்டியில்லாக் கடனாகக் கிடக்கிறது என்பதையும், தொலைந்துபோகும் ஏடுகளால் கடைக்காரருக்கு இலாபம் என்பதையும் எண்ணிப் பார்த்தால், இந்தச் சிறு மாற்றத்தின் நேர்மை விளங்கும். இன்று நம் கையில் திணிக்கப்படும் புள்ளி அட்டைகளையும் சலுகைச் சீட்டுகளையும் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த ஏடுதான் நினைவுக்கு வருகிறது.

1960களின் தொடக்கத்தில் சகோதரர்கள் பிரிந்தார்கள். காரணம் சிகரெட்டு! தேயோ அதைக் கடையில் விற்க விரும்பினார். திருட்டுக்கு அது வழிவகுக்கும் என்று கார்ல் மறுத்தார். அடிதடி இல்லை, வழக்கு இல்லை. நாட்டை வடக்கு, தெற்கு என்று கோடு கிழித்துப் பங்கிட்டுக்கொண்டார்கள். 1962இல் ஆல்பிரெஷ்ட் டிஸ்கவுண்ட் என்பதன் சுருக்கமாக ‘ஆல்டி’ என்ற பெயர் வந்தது. இரண்டு நிறுவனங்களும் அதே பெயரைத் தாங்கி இன்றளவும் தனித்தனியே இயங்கி வருகின்றன.

ஆல்டி கடைக்குள் சென்றவர்கள் முதலில் ஏமாற்றமே அடைவார்கள். சரக்கு வந்த அட்டைப் பெட்டியை அலமாரியில் அடுக்குவதில்லை. பெட்டியின் முன்புறத்தைக் கிழித்து அப்படியே வைத்துவிடுவார்கள். கூடத்தில் அலங்காரமில்லை. பொருள் சுமக்கப் பையை வீட்டிலிருந்து கொண்டுவர வேண்டும். இல்லையேல் காசு கொடுத்து வாங்க வேண்டும். தள்ளுவண்டியைத் திருப்பி வைத்தால்தான் அதில் செருகிய நாணயம் திரும்பக் கிடைக்கும்; வண்டிகளைத் திரட்ட ஓர் ஆளின் சம்பளம் இவ்வாறு மிச்சம். கல்லாவில் இருப்போர் கடையிலுள்ள அத்தனை விலைகளையும் மனப்பாடம் செய்திருந்தார்கள். கோடுகளைப் படிக்கும் கருவி மற்றக் கடைகளில் பரவிப் பல ஆண்டுகளாகியும், 2000த்தை ஒட்டிய ஆண்டுகள் வரை அக்கருவியை அவர்கள் வாங்கவில்லை. மனிதரின் விரல் அதைவிட விரைவாக இருந்தது என்பதே காரணம். வாங்கியபோதும், பொட்டலத்தை எப்படித் திருப்பினாலும் கருவி படிக்கும்படி அக்கோடுகளைப் பல பக்கங்களில் பெரிதாக அச்சிடச் செய்தார்கள். ஒரு பொட்டலத்துக்கு அரை நொடி மிச்சம்; ஆண்டு முழுவதற்கும் பெருக்கிப் பார்க்க வேண்டியதுதான்.

ஆனால் இவையெல்லாம் சிறு துளிகள். பெருவெள்ளம் வேறிடத்தில் இருக்கிறது. சாதாரணப் பேரங்காடியில் பல்லாயிரம் வகைகள் இருக்கும்; தேயிலை மட்டுமே முப்பது வகை இருக்கலாம். பழைய ஆல்டி கடையில் ஒரு பண்டத்துக்கு ஒரு வகை, மிஞ்சினால் இரண்டு. முப்பது வகைகளுக்குச் சிதறும் கொள்முதல் ஒன்றில் குவியும்போது, உற்பத்தியாளரிடம் கேட்கும் விலையே வேறாகிவிடுகிறது. ஜெர்மனியில் பெயர்பெற்ற சரக்குகளின் சில்லறை விலையை உற்பத்தியாளரே கட்டிவைக்கும் உரிமை 1974 தொடங்கும்வரை இருந்தது. அதனால் விலையைக் குறைக்க விரும்பியவர்கள் தம் சொந்தப் பெயரில் சரக்குச் செய்வித்து விற்க நேர்ந்தது. டுட்வைலர் புறக்கணிப்பால் போய்ச் சேர்ந்த இடத்துக்கே இவர்கள் சட்டத்தால் போய்ச் சேர்ந்தார்கள். மேலும், சரக்கு விரைவாக விற்பதால், உற்பத்தியாளருக்குப் பணம் கொடுக்க வேண்டிய தவணை வருமுன்பே பணம் கல்லாப்பெட்டிக்குள் வந்துவிடுகிறது. பிறர் முதலில் வியாபாரம் நடக்கிறது. வட்டிக்குக் கடன் வாங்கும் தேவை குறைகிறது.

குடும்பத்துக்கும் இதில் ஒரு மறைமுக நன்மை உண்டு. வகை பெருகினால் ஆசை பெருகும். சோப்பு வாங்கப் போனவர் சோப்போடு வேறு ஆறு பொருள்களைத் தூக்கிக்கொண்டு வருவது பேரங்காடியின் வெற்றி. தேர்ந்தெடுக்க ஒன்றுமில்லாத கடையில் சிட்டையில் எழுதியது மட்டுமே பைக்குள் ஏறுகிறது. (இன்றைய ஆல்டி, வாரந்தோறும் கணினி முதல் காலணி வரை திடீர்ச் சரக்குகளை நடுக்கூடத்தில் குவித்து இந்த நன்மையைத் தானே கெடுத்துக்கொள்கிறது. அது வேறு கதை.)

சகோதரர்களின் சிக்கனம் பற்றிய கதைகள் பல. 1971 நவம்பர் 29ஆம் நாள் தேயோ கடத்தப்பட்டார். அவர் உடுத்தியிருந்த மலிவான உடையைக் கண்டு, இவர்தாமா அந்தச் செல்வர் என்று கடத்தியவர்களே ஐயுற்று அடையாளச் சீட்டைக் கேட்டார்கள் என்று சொல்லப்படுகிறது. 17 நாள்களுக்குப்பின் 70 இலட்சம் மார்க் கொடுத்து மீட்கப்பட்டார். பிறகு அத்தொகையைத் தொழிற்செலவாகக் கருதி வரிக்கழிவு தர வேண்டும் என்று அவர் வாதாடினார். 2010இல் தேயோவும், 2014இல் கார்லும் மறைந்தபோது நாட்டின் பெருஞ்செல்வர்கள் வரிசையில் முன்னிற்பவர்களாக இருந்தார்கள். டுட்வைலர் கடையைக் கொடுத்துவிட்டுப் போனார்; இவர்கள் வைத்துக்கொண்டு போனார்கள். மலிவு விலை இரண்டு வழிகளிலும் கிடைத்தது என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

இவர்களைப் பார்த்து வந்தது லீடில். ஷ்வார்ட்ஸ் என்ற குடும்பத்தினர் மலிவுக் கடை தொடங்க எண்ணினார்கள். ஷ்வார்ட்ஸ் என்றால் கறுப்பு. தம் பெயரோடு அங்காடி என்ற சொல்லைச் சேர்த்தால் கள்ளச் சந்தை என்று பொருள்பட்டுவிடும்! ஆகவே லூட்விக் லீடில் என்ற ஓய்வுபெற்ற ஆசிரியரிடம் 1,000 மார்க் கொடுத்துப் பெயரை வாங்கினார்கள். 1973இல் முதற்கடை திறந்தது. ஆல்டி 1990இலும் லீடில் 1994இலும் இங்கிலாந்துக்குப் போயின. விலைவாசி கடுமையாக ஏறிய 2022இல் ஆல்டி அங்கே நான்காவது பெரிய அங்காடியாக உயர்ந்தது. துருக்கியில் ஆல்டியின் முறையைப் பின்பற்றி 1995இல் தொடங்கிய ‘பிம்’ இன்று பதினாயிரத்துக்கு மேற்பட்ட கடைகளோடு மூலைமுடுக்கெல்லாம் நிற்கிறது. அங்கும் மது கிடையாது.

இந்த மலிவின் விலையை யாரோ கொடுக்கிறார்கள் என்பதும் உண்மை. ஜெர்மானியர் தம் பழைய மூலைக் கடையை எம்மா அத்தை கடை என்று அன்போடு அழைப்பார்கள். அந்த அத்தைகள் மறைந்துவிட்டார்கள். அன்னா அம்மையாரின் பிள்ளைகளுக்கும் அதில் பங்குண்டு. 2008 மே மாத இறுதியில் ஜெர்மன் பால் உற்பத்தியாளர்கள், தங்களுக்குக் கிடைக்கும் விலை தீவனச் செலவுக்கும் போதவில்லை என்று ஆலைகளுக்குப் பால் அனுப்ப மறுத்தார்கள். பாலைத் தரையில் கொட்டினார்கள். சில நாள்களில் மலிவுக் கடைகள் இலிட்டருக்குப் பத்து சென்ட் கூட்டிக் கொடுக்க முன்வந்தன. இடைத்தரகரை நீக்கிக் குறைத்த விலை ஒரு வகை. விளைவிக்கிறவனின் கழுத்தைப் பிடித்துக் குறைத்த விலை இன்னொரு வகை. கடையில் தொங்கும் விலைச் சீட்டில் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். பிரேசிலில் காபிக்காரனின் நிலையைக் கண்ட டுட்வைலர் இருந்திருந்தால் இதைப் பற்றி என்ன சொல்லியிருப்பார் என்று நான் நினைப்பதுண்டு.

அவர் விட்டுச் சென்ற மிக்ரோவும் சோதனைக்கு உள்ளாகியே வந்திருக்கிறது. 2005இல் ஆல்டியும் 2009இல் லீடிலும் சுவிட்சர்லாந்துக்குள் வந்து, மலிவின் தாய்நாட்டிலேயே மலிவை விற்றன. மிக்ரோ 2007இல் டென்னர் என்ற மலிவுக் கடை நிறுவனத்தின் பெரும்பங்கை வாங்கியது. டென்னரில் மது விற்கிறார்கள்! முன்வாசலில் இல்லாதது பின்வாசலில் இருக்கிறதே என்று கேட்டவர்கள் உண்டு, கேள்வி நியாயமானதே. அதன்பின், மிக்ரோ கடைகளிலேயே மதுவை விற்கலாமா என்ற கேள்வி எழுந்தது. விதியை மாற்ற வேண்டுமானால் உரிமையாளர்களைக் கேட்க வேண்டும். உரிமையாளர்கள் யார்? 1941இல் பங்குச் சீட்டுப் பெற்றவர்களின் வழியில் வந்த இருபது இலட்சத்துக்கும் மேற்பட்ட வாடிக்கையாளர்கள். 2022 சூன் மாதத்தில் முடிவு வெளியாயிற்று. பத்து வட்டாரச் சங்கங்களும், ஒன்றுகூட விலகாமல், வேண்டாம் என்று சொல்லிவிட்டன. நிறுவனத்தார் வாக்கெடுப்புக்கு முன்பே ஓர் அறிவிப்புச் செய்திருந்தார்கள். மது வேண்டும் என்று முடிவானால் ‘ஆம்’ என்ற பெயரில் பீர் வரும். வேண்டாம் என்று முடிவானால் மது கலவாத பானம் ‘இல்லை’ என்ற பெயரில் வரும் என்று. பிரெஞ்சு மொழியில் ‘நோன்’ என்று எழுதிய அப்புட்டிகள் கடைகளுக்கு வந்து சேர்ந்தன.